பெரிப்சென் அரசனும் சேத் தெய்வமும்: ஒரு களிமண் முத்திரையின் வாசகம்

எகிப்திய அரசர்களின் திருப்பெயரைத் தாங்கிய செரெக் என்னும் அரண்மனை முகப்புச் சட்டகத்தின்மேல் ஹோரஸ் தெய்வத்தின் ராஜாளி வீற்றிருப்பதே முதல் வம்சத்திலிருந்து வழிவழியாக வந்த சம்பிரதாயமாயிருக்க, கி.மு. 2700-ஐ ஒட்டி ஆண்ட இரண்டாம் வம்சத்துப் பெரிப்சென், ராஜாளியை நீக்கிவிட்டு, நிமிர்ந்த செவியும் வளைந்த முகமும் கொண்ட சேத் தெய்வத்தின் மிருகத்தை அங்கே ஏற்றினான் என்பது யாவரும் அறிந்த செய்தி. அதன் காரணத்தைப் பற்றிய விவாதம் மட்டும் 1922-இல் பெர்ஸி நியூபெரி எழுதிய, இரண்டாம் வம்சத்துச் சேத் கலகம் என்று தலைப்பிட்ட கட்டுரையின் நிழலிலிருந்து இன்னும் விடுபடவில்லை. அக்கட்டுரையை மேற்கோள் காட்டாத நூல்களிலுங்கூட அதன் முடிவு மட்டும் சரித்திரமாகவே எழுதப்பட்டுவருவதால், அதன் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

நியூபெரியின் கொள்கை கேட்பதற்கு மிகவும் வசீகரமானது. சேத்தை வழிபட்ட கூட்டத்தார் ஹோரஸ் பக்தரான அரசர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். பெரிப்சென் அவர்களுடைய தலைவன். பின்னர் வந்த காசெகெம்வி, ராஜாளியையும் சேத் மிருகத்தையும் ஒரே சட்டகத்தின்மேல் எதிரெதிராக நிறுத்தி இரு கட்சியாரையும் சமரசப்படுத்தினான். அந்தப் போரின் நினைவே எட்ஃபு ஆலயச் சுவரில் புராணமாக நிலைத்தது என்பது அவர் கருத்து. எட்ஃபு வாசகம், ரா-ஹோரக்தி தெய்வத்தின் ஆட்சியில் 363-ஆம் ஆண்டு என்று காலங்குறித்துத் தொடங்குகிறது. ஒரு தெய்வத்தின் ஆட்சியாண்டு இத்தனை நுணுக்கமாகச் சொல்லப்படும்போது, அதற்குப் பின்னால் ஒரு மானிட வருஷக் கணக்கு ஒளிந்திருக்குமென்று நினைக்கத் தோன்றுவது இயல்பே; முதல் வம்சத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாம் வம்சத்தின் அருகே வந்து நிற்கும் எண் என்பதும் அந்த நினைப்பைத் தூண்டுவது.

ஆயினும் அந்தச் சாசனம் இருக்குமிடத்தை மறந்துவிடலாகாது. எட்ஃபு ஆலயம் கட்டத் தொடங்கியது கி.மு. 237-இல், பணி முற்றுப்பெற்றது கி.மு. 57-இல். பெரிப்சென்னுக்கும் அச்சுவருக்கும் இடையே ஏறக்குறைய 2,500 ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வளவு நீண்ட இடைவெளியில் சேத்தின் நிலை பலமுறை மாறியது: 19-ஆம் வம்சத்து அரசர் இருவர் அவன் பெயரையே தரித்துச் சேத்தி என வழங்கப்பெற்றனர், கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியிலேதான் அவன் ஒசிரிஸைக் கொன்ற பாதகனாக, அந்நியரின் தெய்வமாக, எங்கும் வெறுக்கப்பட்டான். எட்ஃபு வாசகம் அந்த வெறுப்பின் காலத்தது. மேலும், பகைவர் முதலையாகவும் நீர்யானையாகவும் உருமாறி ஓட, சிறகுடைய சூரிய வட்டமாகிய ஹோரஸ் அவர்களை நூபியாவிலிருந்து வடக்கு நோக்கி விரட்டிச் செல்கையில், போர் நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் ஒவ்வொன்றின் பெயருக்கும் ஒரு சொற்சிலேடையால் காரணம் கற்பிக்கப்படுகிறது. இது நாம் தலபுராணம் என்று சொல்லும் வகையைச் சேர்ந்த எழுத்து. அதிலிருந்து படையெடுப்பின் வழியை வரைய முற்படுவது, ஆற்று மணலில் கோட்டை மதிலின் அளவைத் தேடுவதாகவே முடியும்.

இனி, பெரிப்சென் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு வாசகத்துக்கு வருவோம். அபிதோஸிலுள்ள உம் எல்-காப் மயானத்தில் அவனுடைய கல்லறையை ஆராய்ந்த பிளிண்டர்ஸ் பெட்ரி, 1901-இல் வெளியிட்ட அரச கல்லறைகள் பற்றிய நூலின் இரண்டாம் பாகத்தில், 22-ஆம் படத்தட்டில் 190 என்னும் எண்ணிட்டு ஒரு களிமண் முத்திரைப் பதிவைத் தந்திருக்கிறார். எகிப்திய மொழியில் நமக்குக் கிடைத்தவற்றுள் முற்றுவினையோடு கூடிய முழு வாக்கியமாக அமைந்த முதல் எழுத்து இதுவே என்று பலரும் கருதுகின்றனர். நூப்தி என்பவன் மேல் எகிப்து, கீழ் எகிப்து என்னும் இரு நாடுகளையும் தன் மகனும் இரு நாட்டு வேந்தனுமாகிய பெரிப்சென்னுக்காக ஏதோ செய்தான் என்பது அதன் கருத்து. செய்தது இன்னதென்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நூப் என்றால் பொன். நூப்த் என்பது நகாதாவுக்கு அருகிலுள்ள, கிரேக்கர் ஓம்போஸ் என்ற, சேத்தின் ஊர். ஆகவே எழுவாயைப் பொன்னன் என்றும் படிக்கலாம், ஓம்போஸ் ஊரான் என்றும் படிக்கலாம். அச்சொல்லை முந்திய தொடரோடு சேர்த்து, பொன்மயமான பொருள்களின் முத்திரை என்று பிரித்துப் படிப்போரும் உண்டு.

வினைச்சொல்லோ இன்னும் கடினம். சிலர் அதனை ஒன்றுசேர்த்தான் என்று படிக்கின்றனர்; அதற்கு முத்திரையில் இல்லாத ஒரு மகர எழுத்தை நாமாகவே இடையில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அக்கால எழுத்துமுறையில் எழுத்துக்களை விடுவது வழக்கமாதலால் அப்படி நிரப்புவது குற்றமாகாது. ஆனால் பிளவுபட்ட நாட்டைச் சேத் ஒன்றுசேர்த்தான் என்னும் பெருஞ்சரித்திரத்தை அந்த ஒரு நிரப்பெழுத்தின்மேல் ஏற்றுவது தகாது. ஒப்படைத்தான் என்று படித்தாலோ, இது எந்த அரசனும் தன் குலதெய்வத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தை. ஓம்போஸ் ஊரான், ஒப்படைத்தான் என்னும் வாசிப்பையே நான் ஏற்கிறேன். அதற்கு முழு நிச்சயம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எவ்வாறு படித்தாலும் மகன் என்னும் சொல் மட்டும் அசையாமல் நிற்கிறது. இது தோற்ற எதிரியை இகழும் கலகக்காரனின் குரலன்று. தன் ஊர்த் தெய்வத்தைத் தந்தையாகக் கொண்டு பட்டம் உரிமை கொண்டாடும் அரசனின் குரல். இதே அரசனுடைய முத்திரைகளில் ஆஷ் என்னும் வேறொரு தெய்வமும் இடம்பெறுவதால், சேத் ஒருவனையன்றி மற்றோரை மறுத்த மதவெறியாகவும் இதைக் கொள்ள இயலாது.

நியூபெரியின் வழியிலேயே சென்றாலும் ஓர் இடறல் உண்டு. காசெகெம்வியின் முந்திய பெயராகப் பெரும்பாலும் கருதப்படும் காசெகெம் என்னும் பெயரோடு ஹீராகான்போலிஸில் கிடைத்த சிலைகளின் பீடத்தில் மாண்ட பகைவரின் தொகை ஒன்றில் 47,209 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அவனுடைய கற்கலங்களில் நெக்பெத் கழுகோடு காணப்படும் ஆண்டுக் குறிப்பு, வடநாட்டுப் பகைவரோடு போரிட்ட ஆண்டு என்கிறது. சேத்தின் ஊரும் பெரிப்சென்னின் சுவடுகளும் தெற்கில் இருக்க, போரோ வடக்கோடு நடந்திருக்கிறது. கலகம் செய்தவர் சேத் பக்தர் என்றால் அவர்களை ஏன் வடக்கில் தேடிக் கொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு நியூபெரியின் கொள்கையில் விடை இல்லை.

மற்றொரு சான்று ஸக்காராவில் இருந்தது. 4-ஆம் வம்சத்துப் புரோகிதனாகிய ஷேரி என்பவன், செனெத் அரசனின் மயானத்தில் பெரிப்சென்னுக்குரிய வழிபாட்டுப் புரோகிதர்களின் தலைவன் தானென்று தன் கல்லறையில் எழுதிவைத்தான். மதத்துரோகி என்று ஒதுக்கப்பட்டவனுக்கு, அவன் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின்னும், வடக்கே மெம்பிஸ் மயானத்தில் நிவேதனம் நடந்திருக்குமா? இது நியூபெரிக்கு எதிரான மிகப் பலமான ஆதாரமென்பது என் துணிபு.

எனினும் மறுதரப்பில் நிற்கும் உண்மைகளை மறைக்க மாட்டேன். இரண்டாம் வம்சத்தில் முன்னர் ஆண்ட ஹோதெப்செகெம்வியும் நிநெட்ஜெரும் ஸக்காராவில் அடக்கம் பெற்றிருக்க, பெரிப்சென் முதல் வம்சத்தாரின் அபிதோஸுக்குத் திரும்பினான். அவன் முத்திரைகள் கிடைப்பது பெரும்பாலும் அபிதோஸ், பெய்த் கல்லாஃப், எலிபாண்டைன் போன்ற தென்னிடங்களில். பிற்கால அரசர் பட்டியல்களில் அவன் பெயர் இல்லை. இரு அரசர் இரு நாட்டையும் பங்கிட்டு ஆண்ட காலமொன்று இருந்திருக்கலாம் என்பதை இவை தாங்குகின்றன. அரசாட்சிப் பிளவு என்பது ஒன்று, மதக்கலகம் என்பது வேறொன்று. நியூபெரி முன்னதைக் கண்டு பின்னதை எழுதினார்.

தீராமலிருப்பது செகெமிப் என்பவனின் இடம். ராஜாளியின் கீழ்ச் செகெமிப்-பெரென்மாத் என்று பெயர் பொறித்த அவனுடைய முத்திரைப் பதிவுகள் பெரிப்சென்னின் கல்லறை வாயிலருகே கிடைத்தன. பெயரிலுள்ள ஒற்றுமையைக் கொண்டு, செகெமிப்பே பின்னர் பெரிப்சென் என்று பெயர் மாற்றிக்கொண்டான் என்பர் சிலர். கல்லறையை மூடும் கடமை அடுத்த பட்டத்தானுடையது என்பதால் அவனைப் பின்வந்தவனாகக் கொள்வர் வேறு சிலர். பின்னவர் கருத்தே எனக்கு ஏற்புடையது. ஏனெனில் அப்படியாயின் ராஜாளி சட்டகத்துக்குத் திரும்பியது காசெகெமின் வெற்றியால் அன்று, அதற்கு முன்னரே, சேத் அரசனின் கல்லறையை அவனுடைய வாரிசே மூடிய அன்று என்றாகும். ஆனால் வாயிலில் கிடந்த உடைந்த களிமண், அடக்கத்தன்று இடப்பட்டதா அல்லது பின்னொருகால் நிவேதனத்தோடு வந்ததா என்று அறியும் வழி பெட்ரியின் குறிப்புகளில் இல்லை. ஆகவே பெரிப்சென், செகெமிப் இருவரின் ஆண்டுகளை வரிசைப்படுத்தி எழுத நான் துணியவில்லை.