நான் யார் என்னும் வினாவும் சிவஞானபோதமும்

1902ஆம் ஆண்டளவில், திருவண்ணாமலை விரூபாக்ஷக் குகையில் மௌனமாயிருந்த இரமண முனிவரைச் சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் அணுகி, நான் யார் என வினவினர். முனிவர் எழுதிக் காட்டிய விடை, அறிவே நான் என்னும் அளவிற்று. உடலன்று, பொறியன்று, பிராணனன்று, மனமன்று என்னும் விரிவோ, தத்துவங் கற்ற பிள்ளையவர்கள் பின்னர்ச் சேர்த்தது.

இவ்விலக்குமுறை சைவர்க்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர், என் உடல் என்னும் உலகவழக்கினையே ஓர் ஏதுவாக்கி, உடலின் வேறாய உயிரை மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவினார். ஆயின் முடிபு வேறு. ஆண்டு, வினவும் நானே ஈற்றில் ஒடுங்கும். ஈண்டுப் பொய்யாவது, ஆணவத்தாற் போந்த யான் எனது என்னுஞ் செருக்கு மாத்திரமே. உயிர் என்றும் உள்ளது, அறிவிக்க அறிவது. அறிவிப்பாரின்றித் தன்னைத் தானே உசாவியறிதல் யாங்ஙனங் கூடும்? எட்டாஞ் சூத்திரம் குருவை வேண்டியது இதுபற்றியே. பிள்ளையவர்களும் தனித்திருந்து உசாவாது, மலையேறி ஒருவர் திருமுன் அமர்ந்தே வினவினரன்றோ!