சாங்கிச் சிறையின் ஊசியும் நூலும்

போர்களின் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை படைத்தலைவர்களின் பெயர்களும் முற்றுகைகளும் உடன்படிக்கைகளும்தாம். அடுக்களைக்கும் ஊசிநூலுக்கும் அந்த வரலாற்றின் ஓரத்தில்கூட இடம் இருப்பதில்லை. பழந்துணியைச் சேர்த்துத் தைப்பதும், இருப்பதைக் கொண்டு சமைப்பதும், தோழியின் பிறந்த நாளுக்குக் கையால் ஒரு சிறு பொருள் செய்து கொடுப்பதும் வீட்டுக் காரியங்கள். அவற்றுக்கு ஆவணக் காப்பகத்தில் என்ன வேலை என்று கேட்டே நாம் பழகிவிட்டோம். இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தவை, சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் 1942ஆம் ஆண்டு பெண்கள் தைத்த சில போர்வைகள். அவற்றின் கதையையும், அதே சிறையில் உருவான ஒரு சமையல் ஏட்டின் கதையையும் இங்கே காண்போம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படைவீரர்கள் பல்லாயிரவர் ஒரே நாளில் போர்க் கைதிகளாயினர். படையைச் சேராத ஐரோப்பியக் குடிமக்களும் திரட்டப்பட்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் கடற்கரைப் பகுதியான கத்தோங்கில் சில நாள்கள் வைக்கப்பட்டிருந்து, மார்ச் 8 அன்று சாங்கிச் சிறைக்கு நடத்தியே அழைத்துச் செல்லப்பட்டனர். அச்சிறை 1936இல், ஏறத்தாழ 600 கைதிகளுக்கென்று பிரிட்டிஷ் ஆட்சியே கட்டியது. கட்டியவர்களின் இனத்தாரே அதற்குள் அடைபட நேர்ந்தது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. அங்கே பல மடங்கு மக்கள் நெருக்கி அடைக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் மட்டும் தொடக்கத்தில் 400 பேர் அளவில் இருந்தனர்.

ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்கு வேறொரு பகுதி. படைவீரர்களோ சிறைக்கு வெளியே, சாங்கியின் பழைய படைமுகாம் கட்டடங்களில் இருந்தனர். ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொள்ளத் தடை இருந்தது. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது; மனைவி தப்பிச் சென்ற கப்பலில் ஏறினாளா, அந்தக் கப்பல் மூழ்கியதா, அவள் சிறையில் இருக்கிறாளா என்று கணவனுக்குத் தெரியாது. கடைசி நாள்களில் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்ட கப்பல்கள் பல குண்டுவீச்சில் மூழ்கியிருந்தமையால் இது வெறும் கற்பனை அச்சமன்று. பசியைக் காட்டிலும் இந்த அறியாமையே பெரிய வதையாக இருந்திருக்க வேண்டும்.

இச்சூழலில்தான் ஊசியும் நூலும் நம் கதைக்குள் வருகின்றன. கைதியருள் ஒருவர் எலிசபெத் என்னிஸ் என்னும் செவிலியர். சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாள்கள் முன்புதான் படை மருத்துவர் ஒருவரை மணந்திருந்தார். சிறைக்குள் அலைந்து திரிந்த சிறுமிகளைக் கூட்டி, அவர் ஒரு பெண் சாரணியர் குழுவைத் தொடங்கினார். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான சிறுமிகள் ஏறத்தாழ இருபது பேர் அதில் சேர்ந்தனர். தங்கள் தலைவிக்குப் பிறந்த நாள் பரிசு ஒன்று தர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. கடை இல்லை, காசு இல்லை. கிழிந்த உடைகளின் துண்டுகள் இருந்தன. அவற்றை அறுகோணங்களாக வெட்டி, பூக்களைப்போல் இணைத்து, ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு சிறுமியின் பெயரைத் தைத்துப் போர்வை செய்யத் தொடங்கினர். நூல் ஏது? நைந்த ஆடைகளிலிருந்து இழை இழையாக உருவி எடுத்ததே நூல். தலைவிக்குத் தெரியாமலும் காவலர் கண்ணில் படாமலும் மறைத்து மறைத்துத் தைத்தனர். அப்போர்வை இன்று லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நம் வீடுகளில் பாட்டிமார் பழஞ்சேலைகளை மடித்து அடுக்கி, ஓட்டுத் தையலிட்டுக் குழந்தைக்கு விரிப்புத் தைப்பதைப் பார்த்திருக்கிறோம். மேலை நாடுகளில் இதுவே 'குவில்ட்' எனப்படும் ஒட்டுத்துணிக் கலையாக வளர்ந்தது. சிக்கனத்தில் பிறந்து அழகில் முடிவது இக்கலையின் இயல்பு. சாங்கியில் அது மற்றொரு பணியையும் ஏற்றது.

சிறுமிகளின் இந்த முயற்சியே தூண்டுகோலாக அமைந்தது என்பர். கனடாவைச் சேர்ந்த எத்தெல் மல்வேனி என்பவர் பெண்கள் முகாமில் செஞ்சிலுவைப் பணிகளைக் கவனித்து வந்தார். இந்தியாவில் பணியாற்றிய படை மருத்துவரின் மனைவி, லக்னோவில் வாழ்ந்தவர். காயமுற்று மருத்துவமனையில் கிடக்கும் வீரர்களுக்குப் போர்வைகள் தைத்து அனுப்பலாம் என்று அவர் யோசனை சொன்னார். விருப்பமுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் வெள்ளைத் துணியில் ஒரு சதுரம். அதில் தன்னைக் குறிக்கும் ஏதேனும் ஒன்றைத் தைத்து, தன் பெயரையும் இட வேண்டும். மாவுச் சாக்கு, படுக்கை விரிப்பு என்று கிடைத்ததெல்லாம் துணியாயின. இவ்வாறு மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு. மற்றொன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. மூன்றாவது, வியப்பூட்டும் வகையில், காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு.

பகைவனுக்கும் ஒரு போர்வை என்பதை நாம் எவ்வாறு புரிந்துகொள்வது? மற்ற இரண்டையும் அனுப்ப அனுமதி பெறுவதற்கான நயமான வழி அது என்று கருதுவோர் உண்டு. துன்புறும் எவனும் துன்புறுபவனே என்ற பரிவும் அதில் கலந்திருக்கலாம். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. மூன்று போர்வைகளின் பின்புறத்திலும் ஏறக்குறைய ஒரே வாசகம் தைக்கப்பட்டுள்ளது. துன்புறும் வீரர்களுக்கு அனுதாபத்துடன் அளிப்பதாகவும், போர் முடிந்தபின் அந்தந்த நாட்டின் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, இறுதியில் இதைத் தண்ணீரில் துவைக்காமல் உலர்சலவை செய்வது நலம் என்றும் அறிவுரை கூறுகிறது! குடிக்கவும் குளிக்கவும் தண்ணீருக்குக் காத்திருந்த சிறையில் உலர்சலவைக்கு எங்கே போவது? ஆயினும் அந்த வரியை நாம் சிரித்துக் கடக்க முடியவில்லை. ஒருநாள் போர் முடியும். இப்போர்வை ஒரு வீட்டில் இருக்கும். அதைப் பேணுவதற்கு ஒருத்தி இருப்பாள் என்ற நம்பிக்கை அதில் உறைந்திருக்கிறது.

சதுரங்களில் இருப்பவை என்ன? பூக்கள், தாய்நாட்டின் சின்னங்கள், விட்டு வந்த வீடு, சிறைச்சுவர், விலங்குகள், வேடிக்கைப் படங்கள். சோதித்த காவல் அதிகாரிகளின் கண்ணுக்கு இவை பெண்களின் பொழுதுபோக்காகத் தெரிந்தன. ஆனால் மருத்துவமனையில் அப்போர்வையைக் கண்ட வீரன் முதலில் தேடியது பூவை அன்று, பெயரை. பெயர் இருக்கிறதென்றால் ஆள் உயிரோடு இருக்கிறாள். கடிதம் செல்ல முடியாத இடத்துக்குத் தையல் சென்றது. போர்வைகளின் உண்மையான செய்தி, சித்திரங்களின் ஓரத்தில் இருந்த அந்தக் கையெழுத்துகளே.

செய்தி என்பது சாங்கியில் எவ்வளவு ஆபத்தான சரக்கு என்பதைப் பின்னர் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சிறையிலிருந்தே தகவல் சென்றது என்று தவறாக ஐயுற்ற ஜப்பானிய இரகசியக் காவற்படையினர், 1943 அக்டோபர் 10 அன்று சிறையைச் சோதனையிட்டனர். மறைத்து வைத்த வானொலிக் கருவிகள் அகப்பட்டன. விசாரணைக்காக இழுத்துச் செல்லப்பட்ட 57 பேருள் 15 பேர் மாண்டனர். வானொலி வைத்திருந்தால் சாவு என்ற இடத்தில், ஒரு பெயரைச் சுமந்த துணி தடையின்றிக் கடந்து போனது. வீட்டுக் காரியம் அற்பமானது என்ற எண்ணமே அதற்கு வழிவிட்ட அனுமதிச் சீட்டு.

இனி அடுக்களைக்கு வருவோம். அல்லது அடுக்களை இல்லாத இடத்தில் சமையல் நடந்த கதைக்கு. நாளுக்கு நாள் உணவு குறைந்தது. அரிசிக் கஞ்சியும் சிறிது கீரையும் என்றான நிலையில் பெண்கள் ஒன்றுகூடி உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினர். என் தாய் செய்த கேக்கில் இத்தனை முட்டை, இத்தனை வெண்ணெய் என்று ஒருத்தி சொல்ல, எங்கள் ஊரில் அவ்வாறன்று என்று மற்றொருத்தி மறுக்க, பேச்சே விருந்தாயிற்று. அந்தப் பேச்சை மல்வேனி எழுத்தில் பதிந்து வந்தார். குடியேற்ற நாட்டில் பணியாளர் சமைக்க உண்டு வாழ்ந்த சீமாட்டிகளும் அவர்களுள் இருந்தனர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

பசித்தவர் சமையற்குறிப்பு எழுதும் இந்த வழக்கம் சாங்கிக்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டுகளில், செக் நாட்டின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் நாஜிகளிடம் சிறைப்பட்ட யூதப் பெண்களும் தங்கள் வீட்டுச் சமையற்குறிப்புகளை எழுதி வைத்தனர். மீனா பேக்டர் என்னும் மூதாட்டி அவ்வேட்டை மகளிடம் சேர்ப்பிக்குமாறு நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு 1944இல் முகாமிலேயே இறந்தார். நியூயார்க்கிலிருந்த மகளின் கைக்கு அது வந்து சேர்வதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. நூலாக வெளிவந்தது 1996இல். இரு முகாம்களின் கொடுமையும் ஒரே அளவினதன்று. சாங்கி கொலைக்கூடங்களுக்குச் செல்லும் வழியில் இருந்த முகாம் அன்று. ஆயினும் இரண்டிலும் பெண்கள் செய்த செயல் ஒன்றே. சமைக்க இயலாத நிலையில், சமையலின் அறிவையாவது அடுத்தவர்க்குக் கொடுத்துச் செல்வது. அதுவும் ஒரு பரிசுதான்.

1944 மே மாதத்தில் சாங்கிக் கைதிகள் சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்டனர். மல்வேனி மனநோயால் பெரிதும் துன்புற்றுத் தனியறையில் அடைக்கப்பட்டிருந்தார். 1945இல் விடுதலை பெற்றுக் கனடா திரும்பிய அவர், அந்தச் சமையற்குறிப்புகளை 1946இல் அச்சேற்றினார். விற்பனையில் 18,000 டாலர் திரண்டது. அதைக் கொண்டு இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் இன்னும் படுத்திருந்த முன்னாள் போர்க் கைதிகளுக்கு ஆரஞ்சுப் பழங்கள் முதலியன வாங்கி அனுப்பினார். பசியில் கனவாக எழுதியது பழமாகி நோயாளியின் கட்டிலுக்கு வந்தது! பின்னாளில், இந்தியா உள்ளிட்ட நாடுகளின் கைவினைப் பொருள்களைக் கனடாவின் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டு சென்று விற்கும் 'டிரெஷர் வேன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. அவருடைய வாழ்க்கையை சுசான் எவன்ஸ் 2020இல் நூலாக எழுதினார்.

இத்துடன் முடித்துக்கொண்டால் கதை இனிமையாக முடியும். ஆனால் தமிழில் இதைப் பேசும் நமக்கு ஒரு கடன் உண்டு. சாங்கியின் மதில்களுக்கு வெளியே இருந்தவர்களின் கதி என்ன? சிங்கப்பூரின் சீனர்கள் ஆயிரக்கணக்கில் 1942இன் தொடக்க வாரங்களிலேயே கொல்லப்பட்டனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாக சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் மாண்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கக் கூடும் என்று மதிப்பிடப்படுகிறது. போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத் தமிழனுக்குப் பெயர்ப் பட்டியலே ஒழுங்காக இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள்தாம் அந்த வெற்றிடத்தை ஓரளவேனும் நிரப்ப முயன்றவை.

தோட்டத்து லயங்களில் கணவன் திரும்பி வருவானா என்று காத்திருந்த பெண்களும் கிழிசல் தைத்திருப்பார்கள். மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு எதையேனும் சமைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுத்திருப்பார்கள். அத்துணிகளைக் கேட்டு எந்த அருங்காட்சியகமும் வரவில்லை. சாங்கிப் போர்வைகளின் அருமையை அறிந்தவர்க்கே இந்த இழப்பின் அளவு விளங்கும். ஒரு பெயரைத் துணியில் தைத்து வைப்பதற்கும் ஒருவருக்கு வாய்ப்பு வேண்டியிருக்கிறது. அத்துணியைப் பாதுகாப்பதற்கு ஒரு நாடும் வேண்டியிருக்கிறது.

சாங்கிப் போர்வைகளுள் பிரிட்டிஷ் போர்வை லண்டன் செஞ்சிலுவைச் சங்கத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியப் போர்வையும், ஜப்பானிய வீரர்களுக்கென்று தைத்த போர்வையும் கான்பெராவின் போர் நினைவகத்தில் பக்கத்துப் பக்கமாகச் சேர்ந்துவிட்டன. நம் வீடுகளின் பரணிலும் பழைய டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும் விரிப்புகளையும், எண்ணெய்க் கறை படிந்த சமையற்குறிப்பு நோட்டுகளையும் வெளியே எடுப்போம். அவற்றைச் செய்த கையின் பெயரைக் கேட்டறிந்து, ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வைப்போம். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.