மதுரையில் தொண்டு நிறுவனங்களுக்கான நிதியும் பயிற்சியும்

மதுரையில் தொண்டு நிறுவனங்களுக்கான நிதியும் பயிற்சியும் என்னும் இக்கட்டுரை, மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் மக்கள் நலப் பணியாற்றும் இலாப நோக்கற்ற அமைப்புகள் நல்கையையும் பணியாளர் பயிற்சியையும் பெறும் வழிகளை விளக்குகிறது. முதியோர் பராமரிப்பு, மாற்றுத்திறனாளிகள் நலன், பெண்களின் சேமிப்புக் குழுக்கள், குழந்தைகள் கல்வி, கண் மருத்துவம் போன்ற துறைகளில் இவ்வமைப்புகள் இயங்குகின்றன. நல்கை ஒரு பணியைத் தொடங்க உதவுகிறது. நல்கை நின்ற பின்னும் பணி நிலைப்பதற்குப் பயிற்சி பெற்ற பணியாளர்களும் சொந்த வருவாயும் தேவைப்படுகின்றன. மதுரையில் உருவான இரு பெரிய அமைப்புகளின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

இந்தியாவில் சமூகப்பணிக்கான முறையான பயிற்சி 1936-இல் மும்பையில் தொடங்கிய சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளியுடன் தோன்றியது. இதுவே பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆனது. தமிழ்நாட்டில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் அருகே 1947-இல் டி. எஸ். சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் நிறுவிய காந்திகிராமம் ஊரகப் பணிக்கான பயிற்சிக் களமாக விளங்கியது. அங்குள்ள கிராமிய நிறுவனம் 1956-இல் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

நிதியைப் பொறுத்தவரை, 1953-இல் துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு நடுவண் சமூக நல வாரியம் அமைக்கப்பட்டது. இது தன்னார்வ அமைப்புகளுக்கு அரசு நல்கை வழங்கும் வாயிலாக நெடுங்காலம் இருந்து, பின்னர் மூடப்பட்டது. ஊரக அமைப்புகளுக்கு நிதி வழங்க 1986-இல் உருவான காபார்ட் என்னும் அமைப்பு 2020-இல் தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

மதுரையின் முன்மாதிரிகள்

தானம் அறக்கட்டளை

பிரதான் என்னும் அமைப்பு 1983-இல் தீப் ஜோஷி, விஜய் மகாஜன் ஆகியோரால் தொடங்கப்பட்டது. படித்த இளைஞர்களை ஊரகப் பணிக்கு ஈர்ப்பது இதன் நோக்கமாகும். இவ்வமைப்பில் பணியாற்றிய எம். பி. வாசிமலை, 1990களின் தொடக்கத்தில் மதுரைப் பகுதியில் 'களஞ்சியம்' என்னும் பெண்கள் சேமிப்புக் குழுக்களையும், கண்மாய்களைச் சீரமைக்கும் 'வயலகம்' குழுக்களையும் வளர்த்தார். இப்பணிகளைத் தொடர 1997 அக்டோபர் 2 அன்று மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தானம் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

களஞ்சியக் குழுக்கள் வட்டாரக் கூட்டமைப்புகளாக இணைக்கப்பட்டன. கூட்டமைப்பின் செலவுகளை உறுப்பினர்களின் பங்களிப்பைக் கொண்டே படிப்படியாக ஈடுசெய்வது இம்முறையின் அடிப்படையாகும். இதனால் வெளிநிதி தொடக்கக் காலத் தேவைக்கு மட்டும் போதுமானதாகிறது. கணக்கு எழுதுதல், கூட்டம் நடத்துதல், வங்கியுடன் பேசுதல் ஆகியவற்றில் எழுத்தறிவு குறைந்த பெண்களும் பயிற்சி பெற்றனர். அவ்வாறு உருவான தலைவர்களுள் ஒருவரான சின்னப்பிள்ளை, 'ஸ்திரீ சக்தி' விருதும் 2019-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

வளர்ச்சிப் பணிக்கான மேலாளர்களை உருவாக்க, டாட்டா அறக்கட்டளைகளின் நிதியுதவியுடன் 2000-இல் டாட்டா-தான் அகாதமி தொடங்கப்பட்டது. இதன் வளாகம் கோச்சடைக்கு மேற்கே, சோழவந்தான் வட்டாரத்தில் முள்ளிப்பள்ளம் அருகே அமைந்துள்ளது. பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு வளர்ச்சி மேலாண்மைப் படிப்பில் வகுப்பறைக் கல்வியுடன் ஊர்களில் தங்கிக் கற்கும் களப்பணியும் இடம்பெறுகிறது. ஒரு நல்கை திட்டமொன்றில் செலவாகித் தீர்ந்துவிடாமல், ஆண்டுதோறும் பணியாளர்களை உருவாக்கும் நிறுவனமாக மாறியதற்கு இது சான்றாகும்.

அரவிந்த் கண் மருத்துவமனை

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் இம்மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து பெறும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் முறை இங்கு வளர்ந்தது. அரிமா சங்கம், சேவா அறக்கட்டளை ஆகியவற்றின் ஆதரவுடன் 1992-இல் லைக்கோ என்னும் பயிற்சி நிறுவனம் உருவாக்கப்பட்டது. பிற கண் மருத்துவமனைகளின் மருத்துவர்களும் மேலாளர்களும் குழுவாக இங்கு வந்து, தத்தம் மருத்துவமனைக்கான செயல்திட்டத்தை வகுத்துச் செல்கின்றனர். இந்தியாவுக்கு வெளியிலிருந்தும் பலர் பயிற்சிக்கு வருகின்றனர்.

பதிவும் தகுதியும்

நல்கை கோரும் அமைப்பு முதலில் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மூன்று வடிவங்கள் வழக்கில் உள்ளன.

* அறக்கட்டளை: அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்படுகிறது.
* சங்கம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது ஏழு உறுப்பினர்களுடன் பதிவு செய்யப்படுகிறது.
* இலாப நோக்கற்ற நிறுமம்: நிறுமச் சட்டம், 2013-இன் 8ஆம் பிரிவின் கீழ் பதிவு செய்யப்படுகிறது.

இவற்றுடன் நிரந்தரக் கணக்கு எண், வருமான வரித் துறைப் பதிவு, நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெறும் அடையாள எண் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுகின்றன. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பிரிவுகளின் பெயரால் அறியப்படும் பதிவுகளுள் முன்னது அமைப்பின் வருமானத்துக்கும் பின்னது நன்கொடையாளருக்கும் வரிச் சலுகை பெற்றுத் தருவதாகும்.

நிதி மூலங்கள்

அரசுத் திட்டங்கள்: முதியோர் இல்லங்கள், மறுவாழ்வு மையங்கள், சிறப்புப் பள்ளிகள் முதலியவற்றுக்கு நடுவண், மாநில அரசுத் துறைகள் நல்கை வழங்குகின்றன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் (1983) சுய உதவிக் குழுக்களை அமைக்கவும் பயிற்றவும் தொண்டு நிறுவனங்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய இம்முயற்சி பின்னர் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது.

நிறும சமூகப் பொறுப்பு நிதி: நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. குறித்த அளவுக்கு மேல் சொத்து மதிப்போ விற்றுமுதலோ இலாபமோ உள்ள நிறுமங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்நிதியைப் பெற்றுப் பணிகளைச் செயற்படுத்தும் தொண்டு நிறுவனம் 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்தல் கட்டாயமாகும்.

வெளிநாட்டு நிதி: இதனை வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 நெறிப்படுத்துகிறது. இத்துறையில் முதற்சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்கப்பட வேண்டும்.

சமூகப் பங்குச் சந்தை: இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் 2022-இல் இதற்கான விதிகளை வகுத்தது. தகுதியுள்ள தொண்டு நிறுவனங்கள் வட்டியும் அசலும் திருப்பித் தரப்படாத பத்திரங்களை வெளியிட்டு நிதி திரட்டலாம்.

விண்ணப்ப முறை

நல்கை வழங்குவோர் பொதுவாக எதிர்பார்க்கும் திட்ட முன்மொழிவில் பின்வருவன இடம்பெறுகின்றன.

* சிக்கல் யாது, அது எந்த ஊரில், எத்தனை பேரைப் பாதிக்கிறது என்னும் விவரம்
* செய்யவுள்ள பணிகளும் கால அட்டவணையும்
* இனவாரியான வரவுசெலவுத் திட்டம்
* பயனை அளந்தறியும் முறை
* நல்கை முடிந்தபின் பணி தொடரும் வழி
* மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளும் ஆண்டறிக்கைகளும்

நிதி பெற்ற பின், அது உரிய பணிக்கே செலவிடப்பட்டது என்பதற்குப் பட்டயக் கணக்கரின் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். அடுத்த தவணை பெரும்பாலும் இச்சான்றிதழையே பொறுத்துள்ளது. ஆகவே கணக்கு எழுதுவோருக்கான பயிற்சி, களப்பணியாளருக்கான பயிற்சிக்கு இணையான இன்றியமையாமை உடையது.

சிறு அமைப்புகளின் நிலை

ஊர் அளவில் இயங்கும் சிறு அமைப்புகளுக்கு நிதியை நேரடியாகப் பெறுவது கடினமாக உள்ளது. வெளிநாட்டு நிதிக்கான பதிவைப் பெற, அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்திருப்பதுடன் அக்காலத்தில் தன் அடிப்படைப் பணிகளுக்கு 15 இலட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும். நிறுமங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் மூன்றாண்டு அனுபவம் கேட்கப்படுகிறது. நிதி இல்லாமல் அனுபவம் பெறுவதும், அனுபவம் இல்லாமல் நிதி பெறுவதும் அரிதாகையால் புதிய அமைப்புகள் இவ்விரண்டுக்கும் இடையே சிக்கிக்கொள்கின்றன.

முன்னர் பெரிய அமைப்புகள் வெளிநாட்டு நிதியைப் பெற்று, பதிவு பெற்ற சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க இயன்றது. பல இடங்களில் நிதியுடன் கணக்குப் பயிற்சியும் இவ்வழியே கிடைத்தது. 2020 செப்டம்பரில் நிறைவேறிய திருத்தம் இப்பகிர்வைத் தடை செய்தது. நிருவாகச் செலவின் உச்ச வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு நிதியைப் பெறுவதற்கான கணக்கைப் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தொடங்குவதும் கட்டாயமாயிற்று. வெளிப்படைத்தன்மைக்கும் முறைகேட்டைத் தடுப்பதற்கும் இவை தேவை என்பது அரசின் நிலைப்பாடாகும். சிறு அமைப்புகள் நலிவடையும் என்பது தொண்டு நிறுவனங்களின் வாதமாகும். இத்திருத்தத்தின் முதன்மைப் பிரிவுகள் செல்லும் என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்நிலையில் உள்ளூர் நன்கொடை, உறுப்பினர் பங்களிப்பு, சேவைக் கட்டணம் ஆகியவற்றின் முதன்மை கூடியுள்ளது. களஞ்சியமும் அரவிந்தும் இவற்றுள் பின்னிரண்டைத் தொடக்கக் காலத்திலிருந்தே கைக்கொண்டவை. எனினும், கட்டணம் செலுத்த இயலாதோருக்கு மட்டுமே பணியாற்றும் முதியோர் இல்லம், மனநல மறுவாழ்வு மையம் போன்றவற்றுக்கு இம்முறை முழுமையாகப் பொருந்தாது. அவை தொடர்ந்து நல்கையையும் நன்கொடையையும் சார்ந்தே இயங்க வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* சுய உதவிக் குழு
* காந்திகிராமம்
* அரவிந்த் கண் மருத்துவமனை
* சமூகப்பணி