வாப்பாவின் கெப்பும் கைக்குள் அடங்கும் ஓர் இரும்பின் சரித்திரமும்

போன லீவில் நானும் தம்பியும் கெப்புக்கு அடியில் படுத்துக் கிடந்த படத்தை யாரோ குரூப்பில் போட்டுவிட்டார்கள். "சரித்திரம் படிப்பிக்கிற சேருக்கு கராஜில என்ன வேல?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். கராஜ் இல்லை தம்பி, எங்கட வீட்டு வளவுதான். மாற்றியது முன் வலது சக்கரத்தின் கீழ் போல் ஜொயின்ட். அதிலும் சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன் சக்கரத்துக்கு இரண்டு வேலை. குழியில் ஏறி இறங்க வேண்டும், ஸ்டியரிங் திருப்பும் பக்கம் திரும்பவும் வேண்டும். நம் தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் உருளுகிறதே, அதே அமைப்புத்தான் போல் ஜொயின்ட். ஒரு கிண்ணம், அதற்குள் காம்பு வைத்த ஓர் இரும்புப் பந்து, வெளியே ரப்பர் உறை. நம் கைக்குள் அடங்கிவிடும். வண்டியின் முன்பாரம் அதில்தான் தொங்குகிறது.

இது வருவதற்கு முன் இருந்தது கிங் பின். அதன் கதை குதிரை வண்டிக் காலத்தில் தொடங்குகிறது. பழைய நாலு சக்கர வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடு ஆணி ஒன்றில் சுழலும். சடாரென்று திருப்பினால் வண்டி குடைசாயும். மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர் அச்சை அசையாமல் வைத்து, இரு முனையிலும் சக்கரத்தை மட்டும் திருப்பும் வழியைக் கண்டார். 1818இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை எடுத்தவர் அவருடைய முகவர் ருடோல்ப் அக்கர்மன். இன்றும் உலகம் அதை அக்கர்மன் ஸ்டியரிங் என்றுதான் சொல்கிறது. வேலை செய்தவர் ஒருவர், பெயர் எடுத்தவர் இன்னொருவர். சரித்திரம் படிப்பிக்கிறவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

அந்த முனை ஆணிதான் மோட்டார் வாகனத்துக்கும் வந்தது. பார லொறிகளில் இன்றும் இருக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கதையைப் படிக்க நல்ல புத்தகம் மொரிஸ் மைனர். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் உஸ்மானிய ஆட்சியின் கீழிருந்த இஸ்மிரில் பிறந்தவர். கார் 1948இல் வெளிவந்தது, அதன் குட்டிப் பிக்கப் 1953இல். முன் சக்கரத்தைத் தாங்கும் காலின் மேலும் கீழும் திருகுப் புரி வெட்டி, ட்ரனியன் என்ற கட்டைக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தப் புரிதான் சுழலும். அடிக்கடி கிறீஸ் கன் பிடிக்க வேண்டும். மறந்தால் புரி தேய்ந்து, ஒருநாள் கால் கழன்று சக்கரம் மட்காட்டுக்கு அடியில் மடியும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் அது நடக்கும் என்பதால் பலர் உயிர் தப்பினார்கள்.

மூத்தவாப்பாவிடம் அப்படியொரு மொரிஸ் பிக்கப் இருந்தது. 1970 முதல் 77 வரை இறக்குமதிக் கதவு ஏறக்குறைய மூடியிருந்த காலம். வெள்ளிக்கிழமைக் காலையில் கிறீஸ் அடிப்பது வாப்பாவின் வேலை. தேய்ந்த புஷ்ஷை லேத்காரரிடம் கொடுத்து பித்தளையில் கடைந்து வாங்கி வருவார்களாம். அந்த இரும்புக்குள் என்ன இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பராமரிப்பு வண்டிக்காரன் கையில் இருந்த காலம் அது.

போல் ஜொயின்ட் அந்தப் பக்கம் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 1952 லிங்கன் காரின் முன்புறம் கிங் பின்னை விட்டுவிட்டு போல் ஜொயின்ட்டில் வந்தது. 1954இல் சாதாரண போர்ட் கார்களும் மாறின. இசிகோனிஸே 1959இல் மினியை வடிவமைத்தபோது திருகுப் புரியைக் கைவிட்டு பந்துக்கு மாறிவிட்டார். 1968இல் டொயோட்டா ஹைலக்ஸ் பிறந்தது. 1977இல் ஜே.ஆர். அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு ஜப்பான் வாகனங்கள் இங்கே வெள்ளமாய் வந்தன. 'பிக்கப்' என்ற சொல் போய் 'கெப்' என்ற சொல் நம் வாயில் ஒட்டியது.

பந்தோடு இன்னொரு மாற்றமும் வந்தது. கிறீஸை உள்ளே அடைத்து மூடிவிட்டார்கள். இனி அடிக்கத் தேவையில்லை, தேய்ந்தால் புதிது வாங்கு. வாங்க வழி இருக்கும் நாட்டுக்கு இது வசதிதான். வாங்க வழியில்லாத நாட்டில் என்ன செய்வது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் பாய்ந்தது. ஸ்பெயார் பார்ட்ஸ் விலையும் கூடவே ஏறியது. முப்பது வயதுக் கெப்புகள் நெல் மூடை சுமந்து, வட்டை ரோட்டில் இன்னும் ஓடின. பஞ்சிகாவத்தைக்குப் போய் பழைய ஜொயின்ட் வாங்கி வந்தவர்கள் உண்டு. மூடியை வெட்டி, உள்ளே எதையோ திணித்து வெல்டிங் வைத்ததையும் நானே பார்த்திருக்கிறேன். வெல்டிங் சூட்டில் பந்தின் பதம் போய்விடும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இருக்கை உருகிவிடும். மொரிஸுக்குச் செய்த வைத்தியம் இதற்குச் சரிவராது.

எங்கள் கெப்பும் அந்த வருசங்களில் ஓடியதுதான். குழியில் 'டொக்' என்ற சத்தம் மாதக்கணக்காய்க் கேட்டது. "ரோட்டு சரியில்ல" என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டேன். டயரின் ஓர் ஓரம் மட்டும் வழுக்கையானபோதுதான் பயம் வந்தது.

கீழ்க் கைக்கு ஜேக் கொடுத்து, சேஸிஸுக்கு ஸ்டாண்டும் வைத்தோம். சீமெந்துக் கல்லை நம்ப வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். சக்கரத்துக்கு அடியில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரிந்தது. பெயாரிங்கோ என்று பார்க்க தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பெயாரிங் என்றால் ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பின்னை எடுத்து, நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு புரி மட்டும் தளர்த்தி, நக்கிளின் பக்கத்தில் சுத்தியலால் அடித்தோம். துரு விட மனமில்லை. லுஹருக்குத் தொடங்கிய வேலை, அஸர் பாங்கு சொல்லும்போதுதான் 'டங்' என்று விட்டது. அந்த நேரம் முழுக்க கீழ்க் கையின் ஜேக் அசையவே கூடாது. டோர்ஷன் பாரின் முறுக்கு அந்தக் கையில்தான் காத்திருக்கிறது.

கழற்றிய ஜொயின்ட்டைக் கையில் எடுத்து இழுத்தேன். பந்து கிண்ணத்தைவிட்டு வந்துவிட்டது. சும்மா, கையாலே. உறை கிழிந்து மணலும் வட்டைத் தண்ணியும் உள்ளே போயிருந்தது. முந்தின நாள்தான் பின்னால் என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் இருக்க, அதே சக்கரத்தில் பாலத்துத் திருப்பத்தைக் கடந்து வந்தோம். கொஞ்ச நேரம் எனக்குக் கதைக்க முடியவில்லை. தம்பிதான் மிச்ச வேலையை முடித்தான்.

வாப்பா கதிரையைப் போட்டு உட்கார்ந்து புதிய ஜொயின்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொரிஸுக்கு கிறீஸ் அடிச்சாக் கேட்கும். இதுக்கு எங்க மகன் அடிக்கிற?"

"இதுக்கு அடிக்க ஏலாது வாப்பா. மூடித்தான் வருது."

"அப்ப எப்படித் தெரியும் தேஞ்சிட்டெண்டு?"

இப்போது மாதம் ஒருமுறை அலவாங்கோடு கெப்புக்கு அடியில் போகிறேன், உறையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். எலைன்மன்ட் பார்த்தாகிவிட்டது. இடது பக்கத்துக்கும் சாமான் வாங்கி வைத்திருக்கிறேன், வரும் சனிக்கிழமை வேலை. அலவாங்கு எங்களிடம் இருக்கிறது. நல்ல ஸ்டாண்ட் ஒரு சோடி கூடுதலாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.