சப்ரகமுவத் துவக்குகள்: ஓர் உலை அணைந்த கதை

2023 டிசெம்பரில் நெதர்லாந்திலிருந்து ஆறு அரும்பொருள்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. 1765இல் ஒல்லாந்தப் படைகள் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டு சென்ற பொருள்கள் அவை. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி ஒன்றைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் படம் போட்டன. அதனுடன் வந்த இரண்டு பெருந்துவக்குகளை அநேகர் கவனிக்கவில்லை. என் கண் நின்றது அவற்றின் மேல்தான்.

அந்தப் பீரங்கி 1740களில் லெவ்கே திசாவை என்ற பிரதானி மன்னருக்கு அளித்த காணிக்கை என்று கருதப்படுகிறது. அவர் சதர கோறளையின், அதாவது இன்றைய கேகாலை மாவட்டத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய நிலத்தின் அதிகாரி. அதைப் பெற்றவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். மதுரை வேர் கொண்ட நாயக்கர் வழியில் கண்டியின் முதல் மன்னர். ஆகவே இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தபோது இங்கே துவக்கு கிடையாது. ஆனால் தொடர்ந்து நடந்த போர்களில் இந்தத் தீவின் கொல்லர்கள் அக்கலையைக் கற்று, தங்களுடையதை விடச் சிறந்த துவக்குகளைச் செய்யத் தலைப்பட்டனர் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோவே எழுதி வைத்திருக்கிறார். எதிரியின் வாயிலிருந்து வந்த சான்றிதழ் அது. சிங்களத் துவக்கின் விசைப்பொறி பெரும்பாலும் குழலின் இடப்பக்கம் இருக்கும். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். மரத்தில் கொடிவேலைப்பாடு, மேலே வெள்ளியும் தந்தமும். பார்த்த மாத்திரத்தில் ஊரைச் சொல்லிவிடும் உருவம்.

இப்படியொரு கைத்திறன் வெறுந்தரையில் முளைக்காது. இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அப்பால் உள்ள சமனலவெவ மலைச்சரிவுகளில் ஜில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் பழைய இரும்புலைகளை அகழ்ந்தெடுத்தார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைக் கொண்டே இரும்பு உருக்கிய உலைகள் அவை; காலம் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. அதே முறையில் உலை கட்டி இரும்பு உருக்கியும் காட்டினார். அவருடைய ஆய்வு 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. உலையின் வகை பின்னாளில் மாறியது, இரும்புத்தொழில் நிற்கவில்லை. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைக்கு அருகே ஹத்தரபாகேயில் துருத்தி மிதித்து இரும்பு உருக்கியவர்களை நேரில் கண்டு, 1908இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். அப்போதே அது அந்திமக் காலத்தில் இருந்தது.

ஏன் அழிந்தது? 1815இல் கண்டி அரசு வீழ்ந்ததும் கொல்லனுக்கு வேலை தந்த அரண்மனை போயிற்று. 1832இல் இராஜகாரியம் என்னும் சேவை முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது நல்லதே. ஆனால் கைவினைஞனைத் தாங்கி நின்ற பழைய ஏற்பாடும் அதனுடன் நீங்கியது. கப்பலில் வந்த மலிவு இரும்பு உள்ளூர் உலையை அணைத்தது. காடுகள் கோப்பித் தோட்டங்களாகி, பின்னர் தேயிலையும் இறப்பரும் ஆயின. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் அனுமதியின்றித் துவக்குச் செய்வதைக் குற்றமாக்கியது.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நேர்ந்ததை இதனுடன் ஒப்பிடலாம். ஜெர்மானியக் குடியேறிகள் 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் உருவாக்கிய நெடுங்குழல் துப்பாக்கி அந்த மலைவாசிகளின் கைக்கு வந்தது. இரும்புப் பட்டையைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, அங்குலம் அங்குலமாக அடித்து ஒட்டிக் குழலாக்குவார்கள். பிறகு உள்ளே துளையைச் சீராக்கி, குண்டு சுழன்று நேராகச் செல்லும்படி சுருள் வரிகளைக் கையாலேயே வெட்டுவார்கள். இத்தொழிலும் தொழிற்சாலைத் துப்பாக்கிகளால் நலிந்ததுதான். ஆனால் அங்கே சிலர் விடவில்லை. ஜோர்ஜியா மாநிலத்து மலைப் பாடசாலை மாணவர்கள் முதியவர்களைத் தேடிச் சென்று கேட்டெழுதிய ‘ஃபாக்ஸ்ஃபயர்’ நூல் வரிசையின் ஐந்தாம் தொகுதி 1979இல் வந்தது. இரும்பு உருக்குவதும் துப்பாக்கி செய்வதும் அதன் பொருள்கள். இன்றும் அங்கே அது மதிப்புள்ள கைவினை.

இங்கே எஞ்சியது என்ன? கட்டுத் துவக்கு. ஒரு துண்டு இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை, விசையில் கட்டிய மெல்லிய நூல். பன்றி வரும் தடத்தில் இரவில் கட்டி வைக்கிறார்கள். நூலுக்குப் பன்றியும் மனிதனும் ஒன்றுதான். பத்திரிகை அலுவலகத்தில் மாகாணச் செய்திகளைத் திருத்திய ஆண்டுகளில், காலில் வெடிபட்டவர்களைப் பற்றிய மூன்று வரிச் செய்திகளை எத்தனையோ முறை பக்கத்தின் மூலையில் செருகியிருக்கிறேன். விறகு பொறுக்கப் போனவர், விடியுமுன் இறப்பர்ப்பால் வெட்டப் போனவர் என்று இருக்கும். அவை ஒரு பெரும் கலையின் கடைசி வாரிசின் செயல்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

துவக்குச் செய்யும் தொழிலை மீட்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இந்த நாடு கண்ட வெடியோசை போதும். சட்டம் இருக்கட்டும், கட்டுத் துவக்குக்கு அது இன்னும் இறுக்கமாகவே இருக்கட்டும். ஆனால் தடை செய்யப்பட்டது ஆயுதம், அறிவு அல்ல. இரும்பை உருக்கவும் உருக்காக்கவும் வெள்ளியை மரத்தில் பதிக்கவும் அறிந்த கைகள் துவக்கு மட்டுமா செய்திருக்கும்? அந்த அறிவை அமெரிக்க மாணவர்கள் செய்ததுபோல் கேட்டெழுதியிருந்தால், இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, தோட்டத்துப் பிள்ளைகளும் உட்பட, அது ஒரு முதுசொமாக இருந்திருக்கும்.

நெதர்லாந்து பொருளைத் திருப்பித் தந்துவிட்டது. அதைச் செய்த கைகளை எந்த நாட்டிடம் போய்க் கேட்பது?