முழங்கால் தழும்பு

உங்கள் முழங்காலைக் கொஞ்சம் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவரென்றால் அங்கே ஒரு பழைய தழும்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள், எட்டாத சீட், பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதித்த குரங்குப் பெடல்... அதன் முத்திரை அது! பொன்னேரிக்குப் பக்கத்து அனுப்பம்பட்டு மாதிரி மேடு பள்ளமில்லாத ஊரோ, ஏற்காட்டு மலைப்பாதையோ, கற்றுக்கொள்கிறவனிடம் சைக்கிள் தன் கட்டணத்தை வசூலிக்காமல் விட்டதே இல்லை.

1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்த வேண்டும். பிறகு வந்த, முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு நிற்கும் சைக்கிள் இன்னும் மோசம். ஒரு கல் தடுக்கினால் போதும், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தலைகுப்புற விழுவார். 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சக்கரங்களைச் சிறிதாக்கி, பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். அந்த வகைக்கு 'சேஃப்டி' என்றே பெயர். அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

அமெரிக்காவில் மதுவிலக்குக்காகப் போராடிய ஃபிரான்சஸ் வில்லார்ட், 53 வயதில் சைக்கிள் பழகினார். தினமும் பதினைந்து நிமிஷம் போல, சுமார் மூன்று மாதம். சைக்கிளுக்கு 'கிளாடிஸ்' என்று பெயர் வேறு. 1895-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

பழகுவதில் என்ன கஷ்டம்? இடது பக்கம் சாய்ந்தால் மனசு ஹேண்டில்பாரை வலது பக்கம் இழுக்கச் சொல்லும். இழுத்தால் விழுந்தீர்கள். சாய்கிற பக்கமே திருப்பினால்தான் சக்கரம் உடம்புக்கு அடியில் வந்து தாங்கும். இன்னொன்று, எதைப் பயந்து பார்க்கிறோமோ வண்டி நேரே அதன்மேல் போய் மோதும். மலைப்பாதையில் சைக்கிள் விடுகிறவர்களுக்கும் இதுவேதான் பாலபாடம்: கல்லைப் பார்க்காதே, வழியைப் பார். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்து. விழுந்தால் கையை நீட்டி ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும்.

அந்த மலை சைக்கிளே குறும்பில் பிறந்ததுதான். 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களோடு செங்குத்தான மண்பாதையில் போட்டி போட்டு இறங்கினார்கள். பிரேக் சூட்டில் ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்தே போனது. ஒவ்வொரு தடவையும் திரும்ப அடைக்க வேண்டியிருந்ததால் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பையன் விழுந்தால் காயம் முழங்காலோடு போயிற்று. ஒரு பெண் விழுந்தால்? தெருவே பார்க்கும், சேலை செயினில் மாட்டும், நாலு பேர் கமென்ட் அடிப்பார்கள், வீட்டுக்குப் போனால் 'உனக்கெதுக்கு இந்த வேலை' என்பார்கள். பலரைத் தடுத்தது ரத்தமல்ல, இந்தக் கூச்சம்தான்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது இந்தப் பிரச்னை நேராக வந்து நின்றது. எழுத்து சொல்லிக்கொடுக்கும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ் எப்போதாவது வரும். இல்லாவிட்டால் அண்ணனோ வீட்டுக்காரரோ மனசு வைத்துக் கொண்டுபோய் விட வேண்டும். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் விடுவதையும் அறிவொளிப் பாடத்தோடு சேர்த்துவிட்டார். கிராமங்களில் பயிற்சி முகாம் நடந்தது. பாட்டுகூட எழுதிப் பாடினார்கள். ஏளனமும் ஆபாசப் பேச்சும் வராமல் இல்லை.

அந்த முகாம்களின் சூட்சுமம் எனக்குப் பட்டவரை இதுதான்: தனியாக விழுந்தால்தானே வெட்கம்? ஐம்பது பேர் மைதானத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்தால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

1992 மகளிர் தினத்தை ஒட்டி, ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். கல்குவாரித் தொழிலாளி, விவசாயக் கூலி, நர்ஸ், டீச்சர் என்று யார் யாரோ பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியபிறகு ஊர் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆனால் 'ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும்' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். காரணம், அந்தக் குறுக்குப் பார். அதில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிவிடலாம்.