பெயர் கேட்டு எழுதிய ஒளிப்படக் கலைஞர்

1998-ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை, இருபதாம் நூற்றாண்டை நினைவுகூரும் அஞ்சல்தலை வரிசை ஒன்றை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில் ஒரு சிறுமியின் உருவம். நூற்பு இயந்திரத்தின்மீது மெலிந்த கையை ஊன்றி, அழுக்கேறிய மேலாடையுடனும் வெறுங்காலுடனும் நின்றபடி அவள் நம்மை நேருக்கு நேர் நோக்குகிறாள். நெடுங்காலம் அவள் 'ஆடி லேர்ட்' என்ற பிழையான பெயரால் அறியப்பட்டு வந்தாள். ஆனால் 1910 ஆகஸ்டில், வெர்மாண்ட் மாநிலத்து வடக்குப் பவுனல் பஞ்சாலையில் அவளைப் படம் எடுத்தவர் தம் குறிப்பில் பெயரைச் சரியாகவே எழுதி வைத்திருந்தார்: ஆடி கார்ட், வயது 12. உடன் வேலை செய்த சிறுமியர் அவளுக்குப் பத்து வயது என்றனர் என்பதையும், பள்ளி விடுமுறையில் வேலைக்கு வந்தவள் இனி அங்கேயே இருக்கப்போகிறாள் என்பதையும் அவர் மறவாமல் பதிந்தார். அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு பின்னாளில் சிலர் தேடியபோதுதான், அச்சிறுமி முதுமை வரை வாழ்ந்து 1993-இல் மறைந்தார் என்பது தெரியவந்தது.

ஒரு முகத்தை உலகம் மறவாதிருக்கப் படம் போதும். ஆனால் அம்முகத்துக்கு உரியவரை மீட்டெடுக்கப் பெயர் வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டு எழுதிய லூயிஸ் ஹைன் என்பாரையே இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

தொழிலாளியாய் இருந்த ஆசிரியர்

ஹைன் 1874 செப்டம்பர் 26 அன்று விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் பிறந்தார். 1892-இல் தந்தையை இழந்த அவர், அறைகலன்களுக்கு மெத்தை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நாளொன்றுக்கு 13 மணி நேரம், வாரத்தில் 6 நாள் உழைத்தார். கிடைத்த கூலி வாரத்துக்கு 4 டாலர். இளம் உடல் ஆலையில் எவ்வாறு தேய்கிறது என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. தம் உடம்பிலேயே அறிந்தார்.

பின்னர் முயன்று கற்று, 1901-இல் நியூயார்க் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். பள்ளித் தேவைக்காகவே ஒளிப்படக் கருவியைக் கையில் எடுத்தார். 1904 முதல் எல்லிஸ் தீவுக்குச் சென்று, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைப் படம் பிடித்தார். அக்காலத்தில் பலர் அவர்களை வெறுப்புடன் நோக்கினர். ஹைனின் படங்களிலோ அவர்கள் களைத்திருந்தும் மாண்பு குன்றாத மாந்தராய் நிற்கின்றனர்.

பொத்தான்களே அளவுகோல்

1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அமெரிக்காவில் 10 முதல் 15 வயது வரையிலான சிறுவர் சிறுமியருள் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்து வந்ததாகக் காட்டியது. அதற்கும் குறைந்த வயதினர் அந்தக் கணக்கில் சேரவில்லை. இக்கொடுமையை ஒழிக்க 1904-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு தோன்றியது. 1908-இல் ஹைன் ஆசிரியப் பணியை விட்டு அக்குழுவின் முழுநேர ஒளிப்படக் கலைஞரானார்.

ஆலை வாயில்கள் அவருக்கு எளிதில் திறக்கவில்லை. எனவே சில வேளைகளில் விவிலியம் விற்பவராகவும், சில வேளைகளில் அஞ்சலட்டை விற்பவராகவும், இயந்திரங்களைப் படம் எடுக்க வந்தவராகவும் அவர் உள்ளே நுழைந்தார். பெட்டி போன்ற கனத்த கருவி, கண்ணாடித் தகடுகள், ஒளிக்காக எரிக்கும் மக்னீசியத் தூள் ஆகியவை அவர் சுமை. சட்டைப் பையினுள் ஒரு சிறு குறிப்பேடு. கையைப் பைக்குள் விட்டபடியே அதில் எழுதுவார். தம் மேற்சட்டையின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை முன்னரே அளந்து வைத்திருந்தார். குழந்தை அருகில் வந்து நின்றால், தலை எந்தப் பொத்தானை எட்டுகிறது என்று பார்த்து உயரத்தைக் குறித்துக்கொள்வார்.

இத்தனை நுணுக்கம் எதற்காக? படங்கள் பொய்யென்று ஆலை முதலாளிகள் சொல்லக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒளிப்படம் பொய் சொல்லாது என்று மக்கள் நம்பினாலும், பொய்யரும் படம் எடுக்கக்கூடும் என்று 1909-இல் ஆற்றிய உரையிலேயே எச்சரித்தார். ஆகவே பெயர், வயது, உயரம், ஊர், நாள், வேலையில் சேர்ந்து எத்தனை மாதம் என்பனவற்றைக் கேட்டும் கண்டும் எழுதினார். இரக்கம் மட்டும் சாட்சியாகாது. உண்மையின் துணையும் அதற்கு வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அக்குறிப்புகளைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் 1908 நவம்பர் 30 அன்று அவர் கண்ட சேடி ஃபைஃபர் 48 அங்குல உயரமே உள்ளவள். அதற்குள் அரையாண்டு வேலை செய்துவிட்டாள். அதே மாநிலத்தில் 1909-இல் சந்தித்த ஃபர்மன் ஓவன்ஸ் 12 வயதுச் சிறுவன், ஆலையில் 4 ஆண்டு உழைத்தவன், எழுத்தறியாதவன். கற்க விருப்பமா என்று கேட்டபோது, விருப்பம்தான், எந்நேரமும் வேலையாயிருக்கையில் எப்படிக் கற்பது என்ற பொருள்பட விடையளித்தான். மிசிசிப்பியின் பிலாக்சி நகரில் 1911-இல் மேனுவல் என்னும் 5 வயதுப் பாலகன், குவிந்து கிடக்கும் சிப்பி ஓடுகளின் முன் கையிரண்டிலும் வாளி தாங்கி நிற்கிறான். இறால் உரிப்பது அவன் தொழில். அதே ஆண்டு பென்சில்வேனியாவில், நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் சிறுவர்கள் கரித்தூள் படிந்த முகங்களோடு வரிசையாக நிற்கின்றனர்.

சட்டம் வந்தது, வீழ்ந்தது, மீண்டும் வந்தது

ஹைனின் படங்கள் துண்டு வெளியீடுகளிலும் இதழ்களிலும் கண்காட்சிகளிலும் மக்களைச் சென்றடைந்தன. 1912-இல் நடுவண் அரசு குழந்தைகள் நலத்துக்கெனத் தனி அலுவலகம் நிறுவியது. 1916-இல் கீட்டிங்-ஓவன் சட்டம் நிறைவேறியது. ஆனால் வட கரோலினாவின் பஞ்சாலையில் வேலை செய்த இரு சிறுவரின் தந்தை, தம் மக்கள் வேலை செய்யும் உரிமை பறிபோகிறது என்று வழக்குத் தொடுத்தார். 1918-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அச்சட்டம் செல்லாது எனத் தீர்த்தது. வழக்கில் வென்ற அக்குடும்பத்தின் மகன்களுள் ஒருவர், சில ஆண்டுகள் கழித்து, தமக்குக் கல்வியும் இல்லை, உடல் வளர்ச்சியும் இல்லை என்று வருந்திக் கூறினார். அந்த வெற்றி யாருடைய வெற்றி என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

1919-இல் வந்த மற்றொரு சட்டமும் 1922-இல் வீழ்ந்தது. 1924-இல் அரசியலமைப்பையே திருத்த நாடாளுமன்றம் முன்வந்தது. இங்கே கத்தோலிக்கராகிய நாம் சற்று நின்று நம்மை ஆராய வேண்டும். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், உடலும் உள்ளமும் முதிராத குழந்தைகளைத் தொழிற்சாலைகளில் சேர்க்கலாகாது என்று தெளிவாகக் கூறியிருந்தது. ஆயினும் பாஸ்டன் நகரக் கர்தினால் வில்லியம் ஓகானல் அத்திருத்தத்தை எதிர்த்தார். குடும்பத்தின் உரிமையில் அரசு தலையிடும் என்பது அன்று எதிர்ப்பாளர்கள் கொண்ட அச்சம். அவ்வாண்டு மாசசூசெட்ஸ் மாநில வாக்கெடுப்பில் திருத்தம் பெருந்தோல்வி கண்டது. அதே திருச்சபையின் மற்றொரு மகனான அருள்பணி ஜான் ரயன் அதனை உறுதியாக ஆதரித்தார். குடும்பத்தைக் காக்க எண்ணியவர்களை நாம் பழிக்கவில்லை. எனினும் கொள்கையைப் பற்றி வாதிடும்போது, அவ்வாதத்துக்குக் காரணமான குழந்தையின் முகம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடக்கூடும். அதை மறையவிடாமல் நம்முன் நிறுத்தியதே ஹைன் செய்த தொண்டு.

அத்திருத்தம் நிறைவேறவே இல்லை. இறுதியில் 1938-இல் நியாயமான தொழில் தரச் சட்டம் வந்தது. பெரும்பாலான தொழில்களுக்கு 16 வயதும், ஆபத்தான தொழில்களுக்கு 18 வயதும் குறைந்த வரம்பாயின. 1941-இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

மறக்கப்பட்ட முதுமை

அத்தீர்ப்பைக் காண ஹைன் உயிரோடு இல்லை. 1930-31-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த அவர், உழைப்பாளரோடு உச்சி வரை ஏறி, அந்தரத்தில் தொங்கும் கூடையிலிருந்தும் படம் எடுத்தார். 1932-இல் வெளிவந்த அவருடைய நூல், இரும்பும் நீராவியும் தாமாகவே நகரங்களை எழுப்பிவிடவில்லை, மனிதரே எழுப்பினர் என்பதைக் காட்டியது. ஆனால் அதன்பின் அவருக்குப் போதிய வேலை கிடைக்கவில்லை. வேளாண் மக்களின் துயரைப் படமாக்க அரசு அமைத்த குழுவிலும் அவருக்கு இடம் தரப்படவில்லை. 1939-இல் சில நண்பர்களின் முயற்சியால் நியூயார்க்கில் அவருடைய படங்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மனைவி மறைந்தார். கடனால் வீடும் கைவிட்டுப் போனது. 1940 நவம்பர் 3 அன்று வறுமையில் அவர் கண்மூடினார். அவர் விட்டுச்சென்ற படங்களை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஏற்கவில்லை. பின்னர் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லம் ஏற்றது. குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அவர் எடுத்தவற்றுள் 5,000-க்கும் மேற்பட்டவை இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன.

அவர் எழுதிய பெயர்களைக் கொண்டு, அக்குழந்தைகளின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இந்நூற்றாண்டில் ஆர்வலர்கள் தேடிக் கண்டனர். தம் பாட்டியின், தாத்தாவின் இளமை முகத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்டவர்களும் அவர்களுள் உண்டு.

2024-இல் உலகில் ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம் குழந்தைகள் தொழிலாளராய் இருந்தனர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப் நிறுவனமும் மதிப்பிட்டுள்ளன. இவ்வெண்ணைக் கேட்டு நாம் பெருமூச்சு விடுகிறோம். அடுத்த செய்திக்குச் செல்கிறோம். ஹைன் இலட்சங்களைப் படம் பிடிக்கவில்லை. ஒரு சேடியை, ஒரு ஃபர்மனை, ஒரு ஆடியைப் படம் பிடித்தார். அதற்கு முன்போ பின்போ குனிந்து, உன் பெயர் என்ன என்று கேட்டார். தேநீர்க் கடையிலோ பட்டறையிலோ நமக்குப் பணி செய்ய வரும் சிறுவனிடம் நாம் அக்கேள்வியைக் கேட்டதுண்டா? நீதியை நோக்கிய பயணம் நமக்கும் அங்கிருந்தே தொடங்கலாம்.